7. கோப்பு இடம் மாறிவிட்டது

கோவையில் எந்தப் பெரிய மருத்துவமனைக்குப் போனாலும் பில் கவுண்டருக்குப் பக்கத்தில் ஓர் இன்சூரன்ஸ் டெஸ்க் இருக்கும். பதினைந்து வருடத்துக்கு முன்பு அந்த மேசையில் ஃபேக்ஸ் மெஷின் இருந்தது. சிகிச்சைக்கு முன்கூட்டியே அனுமதி கேட்கும் ப்ரீ-ஆத் படிவத்தைக் கையால் நிரப்பி, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்புவார்கள். பதில் வரும்வரை பொள்ளாச்சியிலிருந்தும் கோபியிலிருந்தும் வந்த சொந்தபந்தம் வராந்தாவில் உட்கார்ந்திருக்கும். இன்று அங்கே ஒரு கணினியும் ஸ்கேனரும்தான். ஊழியர் காகிதங்களை ஏற்றுகிறார். மும்பையில் உட்கார்ந்திருக்கும் காப்பீட்டு நிறுவன டாக்டர், நோயாளி வார்டுக்குப் போய்ச் சேருவதற்குள் எக்ஸ்ரேயைப் பார்த்துவிடுகிறார்.

இந்த இடைக்காலத்தில் காப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் கோப்பறையையே மாற்றிக்கொண்டன. சொந்த சர்வர் அறைகளிலிருந்த பாலிசி விவரம், க்ளெய்ம் வரலாறு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளவுடுக்குப் போகின்றன. அந்த மாற்றம் உங்கள் குடும்பத்தின் பாலிசியை எங்கே தொடுகிறது, நீங்கள் எதைச் சரிபார்க்க வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துபவருக்குக் கிளவுடை ஒரே சொல்லில் விளக்கிவிடலாம்: ஜாப் ஒர்க். நூலை வாங்கி நிட்டிங்குக்கு ஓரிடம், டையிங்குக்கு ஓரிடம், காம்பாக்டிங்குக்கு ஓரிடம் என்று கொடுத்து வாங்குகிறீர்கள். மெஷின் அவர்களுடையது, சரக்கு உங்களுடையது. ஆர்டர் அதிகமானால் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள், குறைந்தால் நிறுத்துகிறீர்கள். காப்பீட்டு நிறுவனமும் அப்படித்தான் அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்றவர்களின் கணினிகளை வாடகைக்கு எடுக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2015-இல் புனே, சென்னை, மும்பையில் தன் கிளவுட் மையங்களைத் திறந்தது. அமேசான் 2016-இல் மும்பையிலும் 2022-இல் ஐதராபாத்திலும், கூகுள் 2017-இல் மும்பையிலும் 2021-இல் டெல்லியிலும் வந்தன. பாலிசி, க்ளெய்ம் பதிவுகளை இந்தியாவுக்குள் இருக்கும் டேட்டா சென்டர்களில் மட்டுமே வைக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2015-லேயே விதி எழுதிவிட்டது. ஆகவே உங்கள் அப்பாவின் ஆஞ்சியோகிராம் அறிக்கை வெளிநாட்டில் கிடக்குமோ என்ற கவலை வேண்டாம்.

ஜாப் ஒர்க்கில் சாயம் மாறிப்போனால் வெளிநாட்டு பையர் யாரைக் கேட்பார்? சாயப்பட்டறைக்காரரை அவருக்குத் தெரியவே தெரியாது. எக்ஸ்போர்ட்டரைத்தான் பிடிப்பார். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதையே சொல்கிறது. தரவை வேறொருவரிடம் கொடுத்து வேலை வாங்கினாலும் பொறுப்பு, உங்களிடம் அந்தத் தரவை வாங்கியவருடையதுதான். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின; நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. "அது கிளவுட் கம்பெனி பிரச்சினை சார்" என்று எந்தக் காப்பீட்டு நிறுவனமாவது சொன்னால் அந்தப் பதிலை ஏற்காதீர்கள்.

கிளவுடுக்கு மாறியதால் நமக்கு நன்மையும் உண்டு. மார்ச் கடைசி வாரத்தில் 80டி வரிச்சலுகைக்காக எல்லோரும் ஒரே நேரத்தில் பிரீமியம் கட்டுவார்கள். மழைக்காலத்தில் டெங்கு க்ளெய்ம்கள் குவியும். கோவிட் ஆண்டுகளில் வந்த சுமை சொல்லவே வேண்டாம். சொந்த சர்வரை அந்த உச்சத்துக்கு ஏற்றாற்போல் வாங்கினால் மீதி மாதங்களில் சும்மா கிடக்கும். வாடகைக் கணினியைத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையைப் பார்த்த எவரும், எல்லாப் பதிவையும் ஒரே ஊரில் ஒரே கட்டடத்தில் வைக்கத் துணிய மாட்டார்கள்.

கணினி வேகமானதால் ஆணையமும் கடிகாரத்தை இறுக்கியது. 2024 மே 29 அன்று வந்த சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் நாளில் இறுதி அனுமதி மூன்று மணி நேரத்துக்குள் வர வேண்டும். அதைத் தாண்டி மருத்துவமனை கூடுதலாக வாங்கினால் அந்தத் தொகை காப்பீட்டு நிறுவனத்தின் பங்குதாரர் நிதியிலிருந்து போகும். டெஸ்க்கில் இருப்பவரிடம் கோரிக்கை எத்தனை மணிக்கு ஏற்றப்பட்டது என்று கேட்டு, கையிலிருக்கும் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் புகார் எழுத நேர்ந்தால் அந்த ஒரு குறிப்பு பெரிய பலம்.

பெயரும் பிறந்த தேதியும்

வேகம் கூடியபோது பொறுமை குறைந்துவிட்டது. ஃபேக்ஸ் காலத்தில் மனிதர் ஒருவர் படிவத்தைப் படித்தார். எழுத்து ஒன்று மாறியிருந்தால் "ஆள் ஒருவர்தான்" என்று புரிந்துகொண்டார். இன்று பெயரையும் பிறந்த தேதியையும் முதலில் ஒப்பிட்டுப் பார்ப்பது மென்பொருள். பொருந்தவில்லை என்றால் குவரி விழும்.

கொங்கு நாட்டுப் பெயர்கள் இதில் படும் பாடு கொஞ்சமல்ல. பழனிசாமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதுகிறோம். இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். பான் கார்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரை முழுதாக எழுதியாக வேண்டும்; ஆதாரில் ஒற்றை எழுத்தோடு விட்டிருப்போம். சரஸ்வதி கல்யாணத்துக்கு முன் பொ. சரஸ்வதி, பிறகு வீட்டுக்காரர் பெயரின் முதலெழுத்து சேர்ந்து ரா. சரஸ்வதி. வங்கிக் கணக்கு பழைய இனிஷியலில், ரேஷன் கார்டு புதிய இனிஷியலில், பாலிசி ஏஜென்ட் எழுதிய எழுத்தில். பெரியவர்களுக்குப் பிறந்த தேதியே தெரியாது. ஆதாரில் வருடம் மட்டும் இருக்கும். இல்லாவிட்டால் யாரோ ஒரு ஆபரேட்டர் ஜனவரி 1 என்று தட்டியிருப்பார். பள்ளிச் சான்றிதழில் வாத்தியார் போட்ட தேதி இன்னொன்று.

"ஏனுங்க, ஒரே ஆளு தானுங்க, ஒரு எழுத்து தான மாறியிருக்குது?" என்று டெஸ்க்கில் நிற்பவர்கள் கேட்பதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். நியாயமான கேள்விதான். ஆனால் நள்ளிரவில் ஐசியூ வாசலில் கேட்கக்கூடாத கேள்வி. நல்ல நாளிலேயே முடித்துவிட வேண்டிய வேலை இது. காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் ஆதார் நகலோடு எழுதி எண்டார்ஸ்மென்ட் கேளுங்கள். திருத்தம் ஏறியதும் வரும் புதிய பக்கத்தைப் பாலிசியோடு சேர்த்து வையுங்கள். வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஆதாரில் இருக்கும் எழுத்தையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். மற்ற ஆவணங்களை அதற்கு ஏற்ப மாற்றுவதுதான் சுலபமான வழி.

இதோடு கைபேசி எண்ணையும் பாருங்கள். நம் ஊரில் ஏஜென்ட் பெரும்பாலும் தெரிந்தவர், பங்காளி வகையில் சொந்தக்காரராகக்கூட இருப்பார். படிவம் நிரப்பும்போது வேலை சுலபமாகட்டும் என்று தன் எண்ணையும் தன் மின்னஞ்சலையும் போட்டுவிடுவார். அவர் மனதில் கெடுதல் இருக்காது. ஆனால் கிளவுடில் இருக்கும் கோப்புக்கு அந்த எண்தான் சாவி. ஓடிபி அவருக்குப் போகும். க்ளெய்ம் நிராகரிப்புக் கடிதம் அவருக்குப் போகும். அவர் ஃபோனை மாற்றினால் உங்கள் கோப்புக்குப் போகும் வழியே அடைபடும். உங்கள் எண், உங்கள் பிள்ளையின் எண், இரண்டில் ஒன்றுதான் அங்கே இருக்க வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருப்பவர்களுக்கும் இதே அறிவுரை. 2012 ஜனவரியில் தொடங்கிய அந்தத் திட்டம் 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது; ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. அதன் அனுமதியும் இணையம் வழியாகத்தான் நடக்கிறது. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்காத மருமகளும் பேரனும் அங்கே இல்லாதவர்களாகிவிடுவார்கள். கார்டில் சேர்த்த கையோடு ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போய்வாருங்கள்.

வாய் தவறிய ஒரு வருடம்

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்துக் குடும்பம். மாமியாருக்கு நெஞ்சு வலி. பதற்றத்தில் அவசரப் பிரிவுக்குக் கூட்டி வந்த மருமகளிடம் இளம் டாக்டர் கேட்டார்: "சுகர் எத்தனை வருஷமா இருக்கு?" "பத்துப் பன்னண்டு வருசமா இருக்குமுங்க." கேஸ் ஷீட்டில் அது அப்படியே ஏறியது. உண்மையில் அந்த அம்மாவுக்குச் சர்க்கரை தெரிந்து மூன்று வருடம்தான்; பாலிசி எடுத்து நான்கு வருடம். "பாலிசி எடுக்கும்போதே இருந்த நோயை மறைத்தீர்கள்" என்று க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டது. முதன்முதலில் சர்க்கரை கண்டுபிடித்தபோது எடுத்த லேப் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து, குடும்ப டாக்டரிடம் கடிதம் வாங்கி, மருத்துவமனையிடம் திருத்தக் கடிதம் வாங்கி, பணம் கைக்கு வர எட்டு மாதம் ஆனது.

பழைய காலத்தில் அந்த வரி ஒரு கேஸ் ஷீட்டோடு பரணுக்குப் போயிருக்கும். இப்போது அது, நிறுவனத்தின் சார்பில் க்ளெய்ம் வேலையைப் பார்க்கும் டிபிஏவுக்குப் போகிறது, காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகிறது. நிறுவனங்கள் தங்கள் க்ளெய்ம் தகவல்களை இந்தியக் காப்பீட்டுத் தகவல் மையத்துக்கும் அனுப்புகின்றன. அடுத்த வருடம் வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்ய விண்ணப்பித்தால் பழைய வரலாறு முன்னாலேயே அங்கே நிற்கும். பிழை ஒரு முறை ஏறிவிட்டால் பின்னால் துரத்திப் பிடிப்பது கடினம். ஏறுவதற்கு முன் தடுப்பதே வழி.

ஆகவே இதைக் குடும்பத்தில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்: நோயின் வயதை ஊகித்துச் சொல்லக்கூடாது. தெரியவில்லை என்றால் "தெரியவில்லை, ரிப்போர்ட் பார்த்துச் சொல்கிறோம்" என்று சொல்லுங்கள். அட்மிஷன் ஆன மறுநாளே டெஸ்க்கில், ப்ரீ-ஆத் படிவத்தில் நோய் வரலாறு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் படியுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை வாசலைத் தாண்டும் முன் வரி வரியாகப் படியுங்கள். தவறு இருந்தால் டாக்டர் அங்கேயே இருக்கிறார். அன்றைக்குத் திருத்துவதும் ஆறு மாதம் கழித்துத் திருத்துவதும் ஒன்றல்ல. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, தைராய்டு எதுவாக இருந்தாலும் முதன்முதல் ரிப்போர்ட்டை ஃபோட்டோ எடுத்து வையுங்கள்.

உண்மையிலேயே இருக்கும் நோயை மறைக்கச் சொல்லவில்லை. மறைத்தால் இன்றைய கணினியில் அது வெளிவந்தே தீரும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் 36 மாதம்தான். சொல்லிவிட்டு மூன்று வருடம் காத்திருப்பதே மேல். தொடர்ந்து 60 மாதம் பாலிசியைப் புதுப்பித்துவிட்டால், மோசடி நிரூபிக்கப்பட்டால் தவிர, விவரம் சொல்லவில்லை என்ற காரணத்தால் க்ளெய்மை மறுக்க முடியாது.

கோப்பு வெளியே போனால்

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த், 2006-இல் தொடங்கிய நிறுவனம். மருத்துவக் காப்பீட்டை மட்டுமே தொழிலாகக் கொண்ட நாட்டின் முதல் நிறுவனம். கொங்குப் பகுதியில் அதன் அட்டை இல்லாத தெரு குறைவு. 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது: அந்நிறுவன வாடிக்கையாளர்களின் பெயர், தொலைபேசி எண், முகவரி, அடையாள அட்டை நகல், பரிசோதனை முடிவு, நோய் விவரம் எல்லாம் டெலிகிராம் சாட்பாட் வழியாக யாரும் எடுக்கும்படி கிடக்கின்றன. திருடியவர் 3 கோடிக்கும் அதிகமானோரின் விவரம் தன்னிடம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டார். நிறுவனம் டெலிகிராம் மீது வழக்குத் தொடுத்து, சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கியது. தான் சைபர் தாக்குதலுக்கு உள்ளானதையும், 68,000 டாலர் கேட்டு மிரட்டல் வந்ததையும் அக்டோபரில் உறுதிப்படுத்தியது.

பணத்தைத் திருடினால் வங்கி திருப்பித் தரலாம். பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றலாம். "மார்பகப் புற்றுநோய், மூன்றாம் நிலை" என்ற வரி வெளியே போனால் எதை மாற்றுவது? பெண் பார்க்க வருபவர்கள் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று விசாரிக்கிற ஊர் இது. நிறுவனங்கள் இந்த எடையை உணர்ந்து பூட்டுப் போட வேண்டும் என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

பூட்டு எவ்வளவு சிறிய இடத்தில் உடைகிறது என்பதற்கு அமெரிக்காவின் சேஞ்ச் ஹெல்த்கேர் சாட்சி. 2024 பிப்ரவரியில் தாக்கப்பட்ட அந்நிறுவனம்தான் அங்கே மருத்துவமனைகளுக்கும் காப்பீட்டாளர்களுக்கும் இடையில் க்ளெய்ம்களைக் கடத்தும் நடுவழி. வெளியிலிருந்து உள்ளே நுழையும் ஒரு வாசலில் இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. கிடைத்த ஒரு பாஸ்வேர்டோடு உள்ளே போய்விட்டார்கள். 2.2 கோடி டாலர் கப்பம் கட்டியும் சுமார் 19 கோடிப் பேரின் விவரம் போனது. சரவணம்பட்டியிலும் பீளமேட்டிலும் இரவு ஷிப்டில் அமெரிக்க மெடிக்கல் பில்லிங் பார்க்கும் நம் பிள்ளைகளைக் கேளுங்கள், இரண்டாவது சரிபார்ப்பு ஏன் வேண்டும் என்று அவர்களே விளக்குவார்கள்.

நம் பக்கத்துக் கதவுக்கு நாமே பூட்டு. காப்பீட்டு நிறுவனத்தின் செயலியில் ஓடிபி நுழைவை எப்போதும் வைத்திருங்கள். மறைத்த ஆதார் போதுமா என்று முதலில் கேளுங்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் அந்த நகல் பல இடங்களில் போதும். பாலிசி எண்ணும் பிறந்த தேதியும் சரியாகச் சொல்லிக்கொண்டு, "உங்க க்ளெய்ம் பணம் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க" என்று யார் அழைத்தாலும் ஃபோனை வைத்துவிடுங்கள். விவரம் சரியாக இருப்பதால் அழைப்பு உண்மையாகிவிடாது. ஐஆர்டிஏஐ யாரையும் அழைத்து போனஸ் கொடுப்பதில்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

பட்டறை, மில் நடத்துபவர்களுக்கு

தமிழ்நாட்டில் இஎஸ்ஐ திட்டம் முதன்முதலில் வந்தது கோவையில்தான், 1955 ஜனவரி 23 அன்று. மில் தொழிலாளர்கள் நிறைந்த ஊர் என்பதால் இங்கே தொடங்கினார்கள். இன்று மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டிய சூப்பர்வைசர், ஃபிட்டர், அக்கவுண்டன்ட் எல்லாம் இஎஸ்ஐ வரம்புக்கு வெளியே. அவர்களுக்குத்தான் குரூப் மெடிக்ளெய்ம் எடுக்கிறீர்கள்.

அந்தப் பட்டியல் எப்படிப் போகிறது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். எழுபது பேரின் பெயர், பிறந்த தேதி, மனைவி மக்கள் பெயர், ஆதார் நகல் எல்லாம் ஒரு எக்செல் ஃபைலில். ஹெச்.ஆர். பெண் அதை வாட்ஸ்அப்பில் புரோக்கருக்கு அனுப்புகிறார். புரோக்கர் மூன்று நிறுவனங்களுக்குக் கொட்டேஷன் கேட்டு அனுப்புகிறார். கோடிக்கணக்கில் செலவழித்துக் காக்கப்படும் கிளவுடுக்குப் போய்ச் சேருமுன் அது ஏழெட்டு கைபேசிகளில் தங்கிவிடுகிறது. இங்கே ஜாப் ஒர்க் கொடுப்பவர் நீங்கள். தொழிலாளி தன் ஆதாரை உங்களை நம்பித்தான் கொடுத்தார். சட்டத்தின் பார்வையிலும் முதல் பொறுப்பு உங்களுடையது.

கொட்டேஷனுக்கு வயதும் உறவுமுறையும் போதும், பெயர்கூட வேண்டாம். பாலிசி முடிவானபின் காப்பீட்டு நிறுவனத்தின் போர்ட்டலில் நேரடியாக ஏற்றுங்கள். வேலையை விட்டவரின் பெயரை அந்த மாதமே நீக்கச் சொல்லுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் பெயரைக் காதில் கேட்டபடி எழுதாமல் ஆதாரைப் பார்த்து எழுதுங்கள். அவர்களுக்காக டெஸ்க்கில் வாதாட இங்கே சொந்தக்காரர் இல்லை. புதுப்பிக்கும்போது புரோக்கரிடம் எழுத்தில் கேளுங்கள்: எங்கள் ஆட்களின் விவரம் டிபிஏவில் யார் யார் பார்க்க முடியும், கசிந்தால் எத்தனை மணி நேரத்தில் எங்களுக்குச் சொல்வீர்கள்? இதற்குப் பதில் வாங்காமல் நான் எந்த முதலாளியையும் கையெழுத்துப் போடச் சொல்ல மாட்டேன்.

சர்வர் டவுன்

எந்தக் கணினியும் ஒரு நாள் படுக்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று பயணிகளைக் காப்பாற்றியது பேனாவும் காகிதமும்தான்.

2024 ஏப்ரல் முதல் பாலிசிகளை மின்னணு வடிவில் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதனால் காகித பாண்டுக்காகக் காத்திருக்காதீர்கள். டிஜிலாக்கரிலோ மின்-காப்பீட்டுக் கணக்கிலோ வைத்துக்கொண்டு, ஒரு பிரின்ட் எடுத்து பீரோவில் வையுங்கள். பாலிசி எண், டிபிஏ பெயர், அவசர எண் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி அப்பாவின் சட்டைப்பையிலும் அம்மாவின் பர்ஸிலும் ஒவ்வொன்று வையுங்கள். "சர்வர் டவுன்" என்று டெஸ்க்கில் சொன்னால், கட்டணமில்லா எண்ணில் அழைத்து அட்மிஷனைப் பதிவு செய்யுங்கள். கேஷ்லெஸ் வராமலே போனால் பணம் கட்டி, அசல் பில்களை வாங்கி, ரீஇம்பர்ஸ்மென்ட்டுக்கு அனுப்பலாம்.

நிராகரிப்புக் கடிதம் வந்தாலும் மனம் தளர வேண்டாம். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ஒரு வருடத்துக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 2021-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு புகாரை இணையத்திலேயே கொடுக்கலாம், விசாரணையும் காணொலியில் நடக்கும். கோவை எக்ஸ்பிரஸ் பிடிக்கத் தேவையில்லை. ஆணையத்தின் பீமா பரோசா உதவி எண் 155255.

இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து, வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் ஆதார், பான், ரேஷன் கார்டு, பாலிசி ஆகிய நான்கையும் பாயில் பரப்பிப் பெயரையும் தேதியையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பாலிசியில் யாருடைய கைபேசி எண் இருக்கிறது என்றும் பாருங்கள். ஒன்று மாறியிருந்தாலும் திங்கட்கிழமை காலை முதல் வேலையாக நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.